குடியை நிறுத்த நினைக்கிறவருக்கு எந்த மீட்டிங் சரிப்படும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் குடியை நிறுத்த ஓர் ஆதரவுக் குழு தேடினால் முதலில் காதில் விழும் பெயர் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். எங்கே நடக்கும், யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று தெரியாததாலேயே பலர் போவதில்லை. ஒரே ஒரு தடவை போய்விட்டு "நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கியவர்களும் நிறைய. எந்த மீட்டிங் நல்ல மீட்டிங் என்று கேட்டால், அடுத்த வாரமும் நீங்கள் போகக்கூடிய மீட்டிங் எதுவோ அதுதான் என்பேன். கீழே உள்ள பதில்கள் அந்தக் கணக்கில் எழுதியவை.

ஏ.ஏ. என்பது ஆஸ்பத்திரியா, சங்கமா, மத அமைப்பா?

மூன்றும் இல்லை. குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைக்கிறவர்களும் வாரம் ஒருமுறையோ பலமுறையோ கூடி உட்கார்ந்து பேசுகிற இடம். 1935-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில், பில் என்ற பங்குத் தரகரும் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் தொடங்கிய நாளாகக் கொள்கிறார்கள். இந்தியாவுக்கு 1957-ல் டெல்லி வழியாக வந்தது.

சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சந்தா இல்லை, விண்ணப்பம் இல்லை, ஆதார் நகல் இல்லை. மீட்டிங் முடிவில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். முடிந்தால் பத்து ரூபாய் போடலாம், போடாமலும் இருக்கலாம். வாடகைக்கும் டீக்கும் அதுதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய 12 மரபுகளில் ஒன்று.

நாளைக்கே நிறுத்திவிட்டு மீட்டிங் போகலாமா? டாக்டரிடமும் போக வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட வேண்டியிருக்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு மீட்டிங்.

பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்துவதைத் தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும்: இல்லாத ஆட்கள் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், இருக்கும் இடமே தெரியாது. வீட்டில் இதைப் "பேய் பிடித்துவிட்டது" என்று எண்ணிக் கோயிலுக்கு அழைத்துப் போனால் உயிர் போகலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; அங்கே இதற்குச் சிகிச்சை உண்டு. சில நாள் மாத்திரையும் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து உடம்பைப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். அந்தச் சில நாளுக்குப் பிறகு வரும் மாதங்களுக்குத்தான் மீட்டிங்.

எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், நேரம் மாறும், சில கலைந்தும் போயிருக்கும். பட்டியலில் உள்ள எண்ணுக்கு முதலில் போன் செய்யுங்கள். எடுத்துப் பேசுகிறவர் சம்பள ஊழியராக இருக்க மாட்டார்; அவரும் குடியிலிருந்து மீண்டவராகத்தான் இருப்பார். தயங்க வேண்டாம். இதைக் கேளுங்கள்: இந்த வாரம் கட்டாயம் நடக்கிறதா, தமிழில் நடக்கிறதா, எந்தக் கேட் வழியாக உள்ளே வர வேண்டும்?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் பள்ளிக்கூட வகுப்பறையிலோ சர்ச் வளாகத்தின் பின்கட்டிலோ நடக்கும் மீட்டிங்குக்குப் பெரும்பாலும் வெளியே தெரிகிற போர்டு இருக்காது. வாசல் வரை வந்து, வாட்ச்மேனிடம் "குடிகாரங்க மீட்டிங் எங்கண்ணே?" என்று கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போவது மிகச் சாதாரணம். "வாசலுக்கு யாராவது வந்து கூட்டிப் போக முடியுமா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். புதிதாக வருகிறவருக்கு அதை மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

இணையம் பழகாதவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் உள்ள ஆலோசகரிடம் கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ், எண் 14416. தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சென்னையில் இந்திரா நகர் டிடிகே மருத்துவமனையும் விசாரிக்க ஏற்ற இடம். சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்துவது அது.

"திறந்த மீட்டிங்", "மூடிய மீட்டிங்" என்கிறார்களே?

திறந்த மீட்டிங்குக்கு யாரும் வரலாம்: மனைவி, அம்மா, மாணவர், சும்மா தெரிந்துகொள்ள வருகிறவர். மூடிய மீட்டிங் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். முதல் தடவை துணைக்கு ஆள் வேண்டும் என்றால் திறந்த மீட்டிங்குக்குப் போங்கள். மனம்விட்டுப் பேச மூடிய மீட்டிங்தான் பலருக்குப் பிடித்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்? நான் எழுந்து பேசியே ஆக வேண்டுமா?

வேண்டாம். "இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்றால் விட்டுவிடுவார்கள்.

ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் நடத்துவார், அவர் தலைவர் அல்ல, அன்றைக்கு அவர் முறை. சிறிது மௌனம், ஒரு பிரார்த்தனை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளிலிருந்து ஒரு வாசிப்பு. பிறகு பகிர்தல். "என் பேர் முருகன், நான் ஒரு குடிநோயாளி" என்கிற மாதிரி ஆரம்பித்து, எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொல்வார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள். வீட்டில், ஆபீஸில், சொந்தக்காரர் கல்யாணத்தில் என்று வாய்க்கு வந்தபடி அறிவுரை கேட்டே பழகியவருக்கு இந்த ஒன்றே பெரிய ஆறுதல்.

சிலர் சொல்லும் கதைகளில் சிரிப்பும் வரும். பிள்ளையின் ஸ்கூல் பீஸை எடுத்துக்கொண்டு போய்க் குடித்த கதைக்குச் சுற்றியிருப்பவர்கள் சிரித்தால், கேலி செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் அதே வேலையைச் செய்தவர்கள்.

சின்ன ஊர். நான் போனால் மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிடுமே?

இங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது என்பதில் ஏ.ஏ. கறாரானது. வருகைப் பதிவேடு கிடையாது. உண்மைப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சைக்கிளை எங்கே நிறுத்தினீர்கள் என்பதை வைத்தே கதை கட்டும் ஊர்கள் உண்டு. அந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அப்படியானால் பக்கத்து டவுனில் நடக்கும் மீட்டிங்குக்குப் போங்கள். முக்கால் மணி நேர பஸ் பயணம் கூடுதல்தான். ஆனால் பயந்து பயந்து பக்கத்துத் தெருவுக்குப் போய் இரண்டாவது வாரம் நின்றுவிடுவதைவிட அது மேல்.

ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் குடிப்பது தெருவுக்கு ஏற்கெனவே தெரியும்.

எந்த நேரத்து மீட்டிங் நல்லது?

உங்களுக்குக் குடிக்கத் தோன்றுகிற நேரத்து மீட்டிங். இதைப் பலர் கவனிப்பதில்லை. டாஸ்மாக் கடை பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. வேலை முடிந்து கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புவது மாலை ஆறரை, ஏழுக்கு. அந்த நேரத்தில் நடக்கும் மீட்டிங் ஒன்றுக்கு இரண்டு வேலை செய்கிறது: பேச்சு ஒன்று, அந்த நேரத்தைக் கடத்துவது இன்னொன்று. வாரக் கூலி வாங்குகிறவருக்குச் சனிக்கிழமை மாலைதான் கண்டம். அவருக்கு ஞாயிறு காலை மீட்டிங்கால் பாதிப் பயன்தான். கையில் காசோடு கடையைத் தாண்டிப் போகும் பாதையில் மீட்டிங் இருந்தால் வேறு பாதையைப் பாருங்கள், அல்லது சம்பளத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சர்ச்சில் நடக்கிறது, பிரார்த்தனை செய்கிறார்கள். நான் பெரியார் வழிக்காரன். எனக்குச் சரிப்படுமா?

சர்ச்சில் நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இடம். குறைந்த வாடகைக்கு மாலையில் ஓர் அறை தருகிறவர்கள் அதிகம் இல்லை. மதம் மாற்றுவதும் இல்லை, ஞாயிறு ஆராதனைக்கு அழைப்பதும் இல்லை.

12 படிகளில் கடவுள் வருகிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "நாம் அவரைப் புரிந்துகொண்டபடி" என்று சேர்த்தே வருகிறார். தொடக்ககால உறுப்பினரான ஒரு நாத்திகர் பிடிவாதம் பிடித்ததால்தான் அந்தச் சொற்கள் சேர்ந்தன என்பார்கள். பல நாத்திகர்கள் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு, பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்கிறார்கள். அதுவும் முடியாது என்றால் ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பைப் பாருங்கள். 1994-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கடவுள் பேச்சே இல்லை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் பயிற்சிகள்தான். இணையவழி மீட்டிங்குகள் உண்டு, ஆனால் ஆங்கிலம் ஓரளவு வேண்டும்.

என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடவே மாட்டார். அப்படியென்றால் நினைத்தால் விட முடியும்தானே?

நிறுத்த முடியும் என்று அது காட்டுகிறது. நிறுத்தியபடியே இருக்க என்ன தேவை என்பதையும் காட்டுகிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. மாலை போட்டதும் என்னவெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து குளியல். கேட்டுச் சொல்ல ஒரு குருசாமி. கூடவே மாலை போட்ட நாலு பேர். சாயங்காலம் குடிக்கப் போகாமல் பஜனைக்குப் போவது. தெருவில் எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுவது. அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள அவருக்கே மனம் வராது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கழற்றிய அன்றே பாட்டில் திறக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

முன்னால் போனவர் ஒருவர், கூட நாலு பேர், ஒரு நேர ஒழுங்கு, மரியாதை: ஏ.ஏ. மீட்டிங்கிலும் இவைதான் இருக்கின்றன. கழற்றும் நாள் மட்டும் கிடையாது. அவர் மாலை போட்டிருக்கும் நாட்களே முதல் மீட்டிங்குக்கு அழைத்துப் போக மிக நல்ல சமயம், தெளிவாக இருப்பார். ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிக்கிறவர் மாலை போடும் அன்று திடீரென்று நிறுத்தினாலும் மேலே சொன்ன வலிப்பு ஆபத்து உண்டு. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

போய்ப் பார்த்தேன், பிடிக்கவில்லை. என்ன செய்வது?

வேறு குழுவுக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நடப்பது. ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் எடைபோட முடியாது. ஒரு குழுவில் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், இன்னொன்றில் ஆட்டோ ஓட்டுநர்களும் கட்டட வேலைக்காரர்களும், மூன்றாவதில் ஆங்கிலம் கலந்து பேசும் கம்பெனிக்காரர்கள். மூன்று நான்கு குழுக்களையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிடிக்காததற்குக் காரணம் என்ன என்றும் பாருங்கள். கூச்சம், அலுப்பு, "நான் இவர்கள் அளவுக்கு மோசமில்லை" என்ற எண்ணம் என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். புதிதாக வருகிறவர்களில் பலருக்கும் அந்தக் கடைசி எண்ணம் வந்துபோகும்.

ஆனால் உங்கள் சாதி என்ன, எந்தத் தெரு என்று துருவுகிறார்களா? ஒருவரே ஒரு மணி நேரமும் பிரசங்கம் செய்கிறாரா? கடன் கேட்கிறார்களா, சீட்டுப் போடச் சொல்கிறார்களா, லேகியம் விற்கிறார்களா, கட்சிக்கு ஆள் பிடிக்கிறார்களா? பொறுக்கத் தேவையில்லை. அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

நான் பெண். அங்கே என் மாதிரி யாராவது இருப்பார்களா?

நேரில் நடக்கும் தமிழ் மீட்டிங்குகளில் பெண்கள் குறைவு. ஆண் குடித்தால் "கெட்ட பழக்கம்", பெண் குடித்தால் "கெட்ட பெண்" என்கிற ஊரில் இது ஆச்சரியமில்லை. பெண்களுக்கென்றே நடக்கும் இணையவழி மீட்டிங்கிலிருந்து தொடங்குவது பலருக்கு எளிது. நேரில் போவதானால், பெண் உறுப்பினர் வருகிற குழு எது என்று ஏ.ஏ. பட்டியலில் உள்ள எண்ணில் கேட்டு, முடிந்தால் அவரிடமே முதலில் பேசிவிடுங்கள். மீட்டிங் முடிந்ததும் தனியாகப் பேசலாம் என்று அழைக்கிற ஆண் உறுப்பினரிடம் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அவர் வரவே மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

நீங்கள் போங்கள். குடிக்கிறவரின் குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனிக் குழு உண்டு. ஏ.ஏ.வைத் தொடங்கிய பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951-ல் தொடங்கியது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். அவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவருடைய குடியைச் சுற்றியே உங்கள் வாழ்க்கை ஓடாமல் எப்படி இருப்பது என்பதுதான் பேச்சு. அவருக்காக ஆபீஸுக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்துவது போன்ற சின்ன விஷயங்களிலிருந்து தொடங்கும்.

சாம்பாரில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மீட்டிங்கில் ஒருவர் "அதுவும் போதைதான், நிறுத்து" என்கிறார்.

நிறுத்தாதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலை.

ஸ்பான்சர் என்றால் யார்?

குழுவில் உங்களுக்கு முன்னால் போனவர். 12 படிகளைக் கூட இருந்து காட்டுகிறவர். ராத்திரி ஒன்பது மணிக்குக் கை பரபரக்கும்போது நீங்கள் போன் செய்யக்கூடியவர். குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராக, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்ணாக இருப்பது வழக்கம். முதல் வாரமே தேர்ந்தெடுக்க அவசரம் இல்லை. மேடைப் பேச்சு மாதிரிப் பேசுகிறவரைவிட, போன் அடித்தால் எடுக்கிறவரைப் பாருங்கள். உங்கள் முதலாளி, கடன்காரர், மச்சான் வேண்டாம்.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டேன். திரும்பப் போகலாமா?

போகலாம், அதுவும் மறுநாளே. யாரும் வெளியே தள்ளமாட்டார்கள். குடித்துவிட்டு வந்தால்கூட, அமைதியாக உட்கார்ந்து கேட்பதென்றால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அன்று பேசச் சொல்லமாட்டார்கள்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா?

2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கியது. ஏ.ஏ. வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் ஒரு வருட முடிவில் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்ற சிகிச்சைகள் பெற்றவர்களில் சுமார் 35 சதவீதம். எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. காசு செலவில்லாத ஒன்றுக்கு இது நல்ல கணக்கு என்பது என் கருத்து.

அதற்குப் பதில் ஒரு ரீஹேப்பில், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் மீட்பு மையத்தில், மூன்று மாதம் சேர்த்துவிட்டால்?

சிலருக்குத் தேவைப்படும். ஆனால் "நாங்களே வண்டியில் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம்" என்று விளம்பரம் செய்கிற இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. அதன்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். குடும்பத்தினர் வந்து பார்க்க அனுமதி இல்லை என்றால் அங்கே சேர்க்காதீர்கள். நல்ல மையம் என்றால், வெளியே வரும் முன்பே உங்கள் ஊர் மீட்டிங்கின் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பும். இல்லாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் வழுக்கும் காலம்.

எங்கள் ஊரில் மீட்டிங்கே இல்லை. நான் வளைகுடாவில் வேலையில் இருக்கிறேன். என்ன வழி?

2020 கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஜூம் வழியாக நடக்கும் மீட்டிங்குகள் நிலைத்துவிட்டன; தமிழிலும் நடக்கின்றன. ஏ.ஏ. பட்டியலில் உள்ள எண்ணில் கேட்டால் இணைப்பும் கடவு எண்ணும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். உள்ளே நுழையும் முன் திரையில் தெரியும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பல போன்களில் முழுப் பெயரும் கம்பெனிப் பெயரும் தானாகவே வந்துவிடும். கேமராவை அணைத்துவைக்கலாம். ரூமில் கூட ஆட்கள் இருந்தால் இயர்போன் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கோ நடைபாதைக்கோ போய்விடுங்கள். "முதல் 90 நாளில் 90 மீட்டிங்" என்று அமெரிக்காவில் சொல்வார்கள். நேரில் வாரம் ஒன்றே நடக்கும் ஊரில் இருப்பவருக்கும் ஆன்லைனைச் சேர்த்தால் அது நடக்கக்கூடியதுதான். லீவில் ஊருக்கு வரும்போது, வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் மீட்டிங்கின் எண்ணை விமானம் ஏறும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டில் வந்து நிற்கும் நண்பர்கள் அன்று இரவே பாட்டிலோடு உட்காரக் கூப்பிடுவார்கள்.